வட்ட முகத்துக்கு எந்த டை முடிச்சு பொருந்தும்?

கேள்வி: எனக்கு வயது 27. உயரம் 5 அடி 5 அங்குலம், கொஞ்சம் பருமன். கழுத்து 17 அங்குலம், முகம் வட்டம். புதிதாகச் சேர்ந்திருக்கும் வேலையில் தினமும் டை கட்ட வேண்டும். வட்ட முகத்துக்குப் பெரிய முடிச்சுதான் எடுப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னதால், வீடியோ பார்த்து ஃபுல் விண்ட்சர் கற்றுக்கொண்டேன். ஆனால் கட்டி முடித்ததும் தாடைக்குக் கீழே மொத்தையாக நிற்கிறது. காலர் முனைகள் தூக்கிக்கொள்கின்றன. டையும் பெல்ட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது. என்னிடம் இருப்பவை மூன்று டைகள்: மெல்லிய பட்டு ஒன்று, தடித்த கம்பளி ஒன்று, பின்னல் டை ஒன்று. சட்டைகள் பெரும்பாலும் பட்டன்-டவுன் காலர், இரண்டு மட்டும் விரிந்த காலர். என் முகத்துக்கு எந்த முடிச்சு சரி? பேசாமல் கிளிப் டைக்கு மாறிவிடட்டுமா?

பதில்:

அன்பு நண்பருக்கு,

முதலில் முகத்தை விட்டுவிடுவோம். வட்ட முகத்துக்கு இந்த முடிச்சு, நீள முகத்துக்கு அந்த முடிச்சு என்று போடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. சட்டையும் கோட்டும் தைத்து, போட்டுப் பார்க்க வருபவர்களுக்கு டையும் கட்டிவிடுகிற தொழில் என்னுடையது. முடிச்சு சரியாக வரவில்லையே என்று ஒருவர் கண்ணாடி முன்னால் சங்கடப்படும்போது, கோளாறு அநேகமாக முகத்தில் இருப்பதில்லை. காலரில் இருக்கும், டையின் தடிமனில் இருக்கும், இல்லாவிட்டால் கழுத்தளவில் இருக்கும். உங்கள் விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

நாளைக் காலையே பயன்படும்படி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டன்-டவுன் சட்டை போடும் நாளில் எந்த டையாக இருந்தாலும் ஃபோர்-இன்-ஹேண்ட் என்ற சிறிய, எளிய முடிச்சைக் கட்டுங்கள். கம்பளி டைக்கும் பின்னல் டைக்கும் எந்தச் சட்டையிலும் அதே முடிச்சுதான். மெல்லிய பட்டு டையை விரிந்த காலர் சட்டையோடு போடும்போது மட்டும் அதைவிடச் சற்றுப் பெரிய ஹாஃப் விண்ட்சர் அல்லது பிராட் முடிச்சுக்குப் போகலாம். ஃபுல் விண்ட்சரை உங்களிடம் இப்போது இருக்கும் எந்தச் சட்டைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி காரணங்களைச் சொல்கிறேன். அவை புரிந்துவிட்டால் நாளைக்குப் புதுச் சட்டையோ புது டையோ வாங்கும்போது நீங்களே முடிவு செய்யலாம்.

சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, டை இல்லாமல் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு காலர் முனைகளுக்கும் நடுவே கூரை வடிவில் ஓர் இடைவெளி தெரியும். முடிச்சு உட்கார வேண்டிய இடம் அதுதான். அந்த இடத்தை நிரப்ப வேண்டும், ஆனால் பக்கவாட்டில் காலரைத் தள்ளக் கூடாது. முடிச்சின் இரண்டு தோள்களும் காலருக்கு அடியில் மறைய வேண்டும். காலர் முனைகள் சட்டையின் மார்பைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். முனைகள் தூக்கினால் முடிச்சு பெரிது. முடிச்சுக்குப் பக்கத்தில் கழுத்தைச் சுற்றி ஓடும் டைப் பட்டையோ, மேலே சட்டைப் பட்டனோ எட்டிப் பார்த்தால் முடிச்சு அந்தக் காலருக்குச் சிறிது, அல்லது சரியாக ஏற்றப்படவில்லை. இந்த இரண்டு அடையாளங்களும் போதும், முக வடிவப் பட்டியல் எதுவும் தேவையில்லை.

பட்டன்-டவுன் காலரில் முனைகள் சட்டையோடு பட்டனால் பிணைக்கப்பட்டிருக்கும். விலகிக் கொடுக்க அதற்கு வழி இல்லை. அதற்குள் ஃபுல் விண்ட்சரைத் திணித்தால் காலர் துணி நடுவில் பொம்மென்று வெளியே வளைகிறது, பட்டன் துளை இழுபடுகிறது, முடிச்சும் முன்னால் பிதுங்குகிறது. நீங்கள் எழுதியிருக்கும் 'மொத்தை' இதுதான். உங்கள் தாடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒல்லியான நீள முகம் உள்ளவர் அதே சட்டையில் அதே முடிச்சைக் கட்டினாலும் இப்படித்தான் நிற்கும்.

சாதாரணமாகக் கீழ்நோக்கி இறங்கும் முனைக் காலருக்கும் குறுகலான, சற்று நீண்ட முடிச்சே பொருந்தும். காலருக்கு அடியில் சிறு பட்டையால் இரு பக்கமும் சேர்த்துப் பூட்டும் டேப் காலர், ஊசி குத்தும் பின் காலர் இரண்டிலும் இடம் இன்னும் குறைவு. அங்கே ஃபோர்-இன்-ஹேண்ட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். ஓரளவு விரிந்த காலர் எல்லாவற்றையும் ஏற்கும். முனைகள் கிட்டத்தட்டத் தோளை நோக்கிப் போகும் கட்அவே காலரில்தான் ஃபுல் விண்ட்சருக்கு உண்மையான வேலை இருக்கிறது. அங்கேயும் கட்டாயமில்லை, தடித்த டையில் ஹாஃப் விண்ட்சரே நிரப்பிவிடும்.

அப்புறம் டை. பலரும் முடிச்சின் அளவு முடிச்சின் பெயரில் இருப்பதாக நினைக்கிறார்கள். பாதி அளவு துணியிலும், அதன் உள்ளே வைத்துத் தைத்திருக்கும் உள்துணியிலும் இருக்கிறது. உங்கள் கம்பளி டையில் ஃபோர்-இன்-ஹேண்ட் கட்டிப் பாருங்கள், மெல்லிய பட்டு டையில் ஹாஃப் விண்ட்சரும் கட்டிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் வந்து நிற்கும்.

இதற்கு நல்ல சாட்சி விண்ட்சர் கோமகனே. 1936 இல் பிரிட்டன் அரியணையைத் துறந்த எட்டாம் எட்வர்டுக்கு, அதன் பிறகு கிடைத்த பட்டம் அது. அவர் டையின் அகலமான முடிச்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அதேபோல வர வேண்டும் என்று இரண்டு பக்கமும் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள். அவர் கட்டியதோ சாதாரண ஃபோர்-இன்-ஹேண்ட். டைக்குள் தடித்த உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லி அந்தப் பருமனை வரவழைத்துக்கொண்டார். அவர் பெயரில் ஓடும் முடிச்சு அவருடையதே அல்ல. தடித்த டையை வைத்துக்கொண்டு ஃபுல் விண்ட்சர் கட்டும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் பருமனை அவர்கள் இரண்டு முறை கூட்டுகிறார்கள்: துணியில் ஒரு முறை, சுற்றில் ஒரு முறை.

டையின் தடிமனைத் தெரிந்துகொள்ள, முடிச்சு விழும் இடத்தை, அதாவது அகல முனையிலிருந்து மேலே ஏறி டை குறுகும் பகுதியை, நான்காக மடித்து விரல்களுக்கு நடுவே அழுத்துங்கள். மெத்தென்று எதிர்த்து நின்றால் குறைந்த சுற்று போதும். காகிதம் போல அமுங்கிவிட்டால் கூடுதல் சுற்றைத் தாங்கும். கடையில் வாங்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது நீளம். உங்களை அதிகம் வாட்டியிருப்பது இதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. வழக்கமான டையின் மொத்த நீளம் 57, 58 அங்குலம். கழுத்தைச் சுற்றுவதற்கே உங்களுக்கு அதில் 17 அங்குலத்துக்கு மேல் போய்விடுகிறது. 15 அங்குலக் கழுத்துக்காரரை விட இரண்டு அங்குலம் கூடுதல் செலவு, முடிச்சு போடுவதற்கு முன்பே. வயிற்றின் வளைவில் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. மீதி இருப்பதை முடிச்சு தின்கிறது.

எந்த முடிச்சு எவ்வளவு தின்னும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்த தாமஸ் ஃபிங்க், யாங் மாவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1999 இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒன்பது நகர்த்தல்களுக்குள் ஒரு சாதாரண டையில் 85 விதமான முடிச்சுகள் சாத்தியம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அகல முனையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் கொண்டு போவது ஒரு நகர்த்தல். அவர்கள் கணக்கில் ஓரியண்டல் என்ற மிகச் சிறிய முடிச்சுக்கு 3 நகர்த்தல், ஃபோர்-இன்-ஹேண்ட்டுக்கு 4, ஹாஃப் விண்ட்சருக்கு 6, ஃபுல் விண்ட்சருக்கு 8. நகர்த்தல் கூடக் கூட முடிச்சு பருக்கும், டை சுருங்கும். எட்டிலிருந்து நாலுக்கு இறங்கினாலே உங்கள் டை கணிசமாகக் கீழே வந்துவிடும்.

அகல முனையின் நுனி பெல்ட் பக்கிளின் மேல் விளிம்பைத் தொட வேண்டும், பக்கிளின் பாதி வரை வந்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் நிற்கக் கூடாது, கீழே தொங்கவும் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். வயிறு சற்று முன் தள்ளியவர்கள் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவது வழக்கம். பெல்ட் இரண்டு அங்குலம் இறங்கினால் டை இரண்டு அங்குலம் குட்டையாகத் தெரியும். நீங்கள் அப்படிக் கட்டுகிறவர் என்றால், தொப்புள் மட்டத்துக்குப் பக்கத்தில் உட்காரும்படி உயர இடுப்புப் பேன்ட் தைத்துக்கொள்ளுங்கள். டை சரியாகிவிடும், கால்களும் நீளமாகத் தெரியும். 5 அடி 5 அங்குல உயரத்துக்கு எந்த முடிச்சும் செய்ய முடியாத உதவியை இது செய்யும். இத்தனைக்குப் பிறகும் எட்டவில்லை என்றால் 61 முதல் 63 அங்குலம் வரை நீள டைகள் கிடைக்கின்றன. உயரமானவர்களுக்கு என்று சொல்லி விற்பார்கள். பெருங்கழுத்துக்காரர்களுக்கும் அதுதான் அளவு.

ஃபோர்-இன்-ஹேண்ட் கட்டும் முறையைச் சொல்கிறேன். டையைத் தையல் உள்பக்கம் இருக்கும்படி கழுத்தில் போடுங்கள். அகல முனை உங்கள் வலது பக்கம், ஒல்லி முனையைவிட ஒரு அடிக்கு மேல் தாழ்ந்து தொங்கட்டும். அகல முனையை ஒல்லி முனையின் மேல் இடப்பக்கம் கொண்டு போங்கள். பிறகு அதன் பின்னால் வலப்பக்கம். மறுபடி முன்னால் இடப்பக்கம். இப்போது கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, முன்னால் விழுந்திருக்கும் சுற்றுக்குள் இறக்குங்கள். அவ்வளவுதான். ஒல்லி முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே ஏற்றினால் காலரில் போய் உட்கார்ந்துவிடும்.

இறக்கும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முடிச்சுக்குச் சற்றுக் கீழே, அகலத்தின் நடுவில் ஆள்காட்டி விரலால் ஒரு பள்ளம் அழுத்தி, இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். முடிச்சுக்கு அடியிலிருந்து ஒரு குழி கிளம்பி டையில் கரையும். டிம்பிள் என்பார்கள். என் கண்ணுக்கு முடிச்சின் பெயரைவிட இது பெரிது. சாதாரண டையில் கட்டிய சின்ன முடிச்சுகூட ஒரு நல்ல குழி விழுந்துவிட்டால் அக்கறையோடு கட்டியது என்று தெரிந்துவிடும். தட்டையாக இறங்கும் டை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உயிரில்லாமல் தொங்கும். பட்டில் குழி சுலபமாக விழும், கம்பளியில் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கும். பின்னல் டையில் விழாது, அதை வற்புறுத்த வேண்டாம். அதன் அழகு நெசவின் முரட்டுத்தனத்தில் இருக்கிறது.

ஃபோர்-இன்-ஹேண்ட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கட்டிப் பார்த்துவிட்டு "கோணலாக இருக்கிறதே" என்று அவிழ்த்துவிடாதீர்கள். அது அந்த முடிச்சின் இயல்பு. இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி நிற்கும் முக்கோணம் பலருக்கு 'சரியாகக் கட்டியது' என்ற நிம்மதியைத் தருகிறது, அதனால்தான் புதிதாகக் கற்பவர்கள் விண்ட்சரைத் தேடிப் போகிறார்கள். எனக்கு அந்தச் சாய்வுதான் பிடிக்கும். காலர், பட்டன் வரிசை, கோட்டு மடிப்பு எல்லாமே இரு பக்கமும் சமமாக நிற்கும் ஓர் உடையில், அந்த ஒரு இடத்தில் மட்டும் மனிதக் கை தெரிகிறது. உங்கள் உடல்வாகுக்கு அதில் கூடுதல் லாபமும் உண்டு. குட்டையான, தடித்த கழுத்தின் கீழே அகலமான முக்கோணம் வைத்தால் குறுக்கே ஒரு கோடு போட்டது போல ஆகிக் கழுத்தை இன்னும் அமுக்கிக் காட்டும். குறுகலாக, நீளவாக்கில் இறங்கும் முடிச்சு கண்ணைக் கீழே கொண்டு போகும். உருவத்தைப் பார்த்து நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான். கழுத்து நீண்டு மெலிந்தவர் இதே கேள்வியைக் கேட்டால், காலரின் பட்டியை உயரமாகத் தைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கொஞ்சம் பருத்த முடிச்சு போடுங்கள் என்பேன். அங்கேயும் காலர்தான் முதலில்.

கம்பளி டை ஃபோர்-இன்-ஹேண்ட்டிலும் தடிமனாகத் தெரிந்தால் ஓரியண்டல் முடிச்சைப் பாருங்கள். தையல் வெளியே தெரியும்படி கழுத்தில் போட்டு, அகல முனையை ஒல்லி முனைக்கு அடியில் வைத்து, முன்னால் ஒரே சுற்று சுற்றி, வளையத்துக்குள் மேலே எடுத்து இறக்குவது. மிகச் சிறியது, நீளம் அதிகம் மிச்சமாகும். மெல்லிய டையில் இதைக் கட்டாதீர்கள், பொத்தான் அளவுக்குச் சுருங்கிப்போகும்.

விரிந்த காலர் இரண்டு சட்டைகளுக்கும் வருவோம். அவற்றில் மெல்லிய பட்டு டையை ஃபோர்-இன்-ஹேண்ட் கட்டினால் முடிச்சின் இரண்டு பக்கமும் வெறுமையாகத் தெரியக்கூடும். ஹாஃப் விண்ட்சர் அந்த இடத்தை நிரப்பும். நீங்கள் ஏற்கெனவே கட்டத் தெரிந்த ஃபுல் விண்ட்சரில் கழுத்து வளையத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுற்று போடுகிறீர்கள் அல்லவா, அதில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட ஹாஃப் விண்ட்சர். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்கு நான் இன்னும் விரும்பிச் சொல்வது பிராட். ஷெல்பி முடிச்சு என்றும் பெயர். ஜெர்ரி பிராட் என்ற முதியவர், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டிவி செய்தி வாசித்துவந்த டான் ஷெல்பிக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். 1989 இல் பத்திரிகைகளில் இது பெரிதாகப் பேசப்பட்டது. ஹாஃப் விண்ட்சர் போலவே இரு பக்கமும் சமமாக நிற்கும், ஆனால் அதைவிட ஒரு நகர்த்தல் குறைவு, கொஞ்சம் ஒல்லி, நீளமும் மிச்சம். உங்கள் கழுத்துக்கு அந்த மிச்சம் தேவை. தையல் வெளியே தெரியும்படி போட்டு, அகல முனையை ஒல்லி முனைக்கு அடியில் வையுங்கள். அதே அகல முனையை மேலே தூக்கிக் கழுத்து வளையத்துக்குள் மேலிருந்து விட்டுக் கீழே இழுத்து இறுக்குங்கள். பிறகு முன்னால் குறுக்கே ஒரு சுற்று, கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே, கடைசியில் முன் சுற்றுக்குள் இறக்கம். முதல் தடவை உள்பக்கம் வெளியே தெரிவதைப் பார்த்துக் குழம்புவீர்கள். முடியும்போது தானாகத் திரும்பி அகல முனையின் நல்ல பக்கம் முன்னால் வந்துவிடும்.

வீடியோக்களில் வரும் எல்ட்ரெட்ஜ், ட்ரினிட்டி மாதிரியான பின்னல் முடிச்சுகளை அலுவலகத்துக்கு வேண்டாம். எதிரில் இருப்பவர் உங்கள் பேச்சைவிட்டு முடிச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொண்டாட்டங்களுக்கு ஆசைப்பட்டால் கட்டுங்கள்.

இறுக்கம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, உங்கள் கழுத்தளவு அப்படி. பெரிய கழுத்துக்காரர்கள் பெரும்பாலும் அரை அங்குலம் சின்னச் சட்டையைப் போட்டுக்கொண்டு, திணறலுக்குக் காரணம் டை என்று நினைக்கிறார்கள். மேல் பட்டனைப் போட்ட பிறகு காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். 17 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சட்டையில் இருக்கும் எண்ணா, டேப் வைத்து அளந்த கழுத்தா என்று தெரியவில்லை. அளந்ததுதான் 17 என்றால் காலர் 17½ இருக்கட்டும். 2003 இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இறுக்கமான டை கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கூட்டுவதாகக் காட்டியது. 2018 இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், லேசாக அசௌகரியம் தெரியும் அளவுக்கு டையை இறுக்கி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சுமார் 7.5 சதவீதம் குறைந்திருந்தது. பயப்பட வேண்டிய அளவு இல்லை, ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறவர் காலரைச் சரியான அளவில் வாங்குவதற்கு இது நல்ல காரணம். முடிச்சை இறுக்க வேண்டியது முடிச்சுக்குள், கழுத்தில் அல்ல. சுற்றுகளை நன்றாக இறுக்கிவிட்டு, காலரில் மெதுவாக ஏற்றி, பட்டன் மறைந்ததும் நிறுத்துங்கள்.

கிளிப் டைக்கு மாற வேண்டாம். யாராவது பிடித்து இழுக்கும் ஆபத்துள்ள காவல் பணிக்கும், சுழலும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது பாதுகாப்பு. மேசை வேலைக்கு அந்தத் தேவை இல்லை. கிளிப் டையின் முடிச்சு ஒரே அளவில் செய்யப்பட்டது. பட்டன்-டவுனுக்கும் விரிந்த காலருக்கும் அதையே மாட்ட வேண்டும். இப்போது உங்களுக்கு இருக்கும் பிரச்சினையை அது நிரந்தரமாக்கிவிடும். நாலே நகர்த்தல் உள்ள முடிச்சைப் பத்து நாள் தொடர்ந்து கட்டினால் கை பழகிவிடும், கண்ணாடிகூடத் தேவைப்படாது.

புது டை வாங்குவதாக இருந்தால் அகலம் மூன்று அங்குலத்துக்கும் மூன்றேகாலுக்கும் நடுவே பாருங்கள், கோட்டு போடுவீர்கள் என்றால் அதன் மடிப்பின் அகலத்தோடு ஒத்துப்போகட்டும். ரொம்ப ஒல்லியான டை பருமனான மார்பில் நாடா மாதிரி தெரியும்.

மாலையில் கழற்றும்போது ஒல்லி முனையை முடிச்சிலிருந்து உருவி இழுக்காதீர்கள். டைத் துணியைக் குறுக்குவாட்டில், 45 டிகிரி கோணத்தில் வெட்டித் தைக்கிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் கொண்டுவந்த முறை அது, டை முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்குவதற்குக் காரணம் அந்த வெட்டுதான். அப்படி வெட்டிய துணி இழுத்தால் நீளும், உருவி உருவி எடுத்தால் சீக்கிரம் உருக்குலையும். முடிச்சைத் தளர்த்தி, கட்டிய வழியிலேயே பின்னோக்கி அவிழுங்கள். பின்புறம் உள்ளே தளர்வாக ஒரு நூல் வளையம் தெரிந்தால் வெட்டிவிட வேண்டாம், டை நீண்டு சுருங்குவதற்காக வேண்டுமென்றே விட்ட நூல் அது. பட்டு டையையும் கம்பளி டையையும் தொங்கவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். உங்களிடம் மூன்று இருப்பதால் மாற்றி மாற்றிக் கட்டலாம். பின்னல் டையை மட்டும் தொங்கவிடாமல் சுருட்டி வையுங்கள், தன் எடையிலேயே அது நீண்டுவிடும்.